டர்போ எஞ்சினை நிறுத்தும்போது நேரும் தவறுகள்

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போகும் வாகனங்கள் பெரும்பாலும் திருமுறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் கடப்பதில்லை. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று நேராகக் கிடக்கும் வீதியில், ஆட்கள் நிறைந்து, ஏசியும் போட்டபடி ஓடி வந்த வான் கோயிலடியில் ஒதுங்கி நின்றதுமே சாரதி திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கற்பூரம் கொளுத்தவோ கச்சான் வாங்கவோ இறங்கிவிடுகிறார். வன்னியில் ஓடும் டீசல் வான்கள், கெப் வாகனங்கள், டிப்பர்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை டர்போ பூட்டியவை என்பதால், இந்த ஒரு பழக்கம் எத்தனை டர்போக்களின் ஆயுளைக் குறைக்கிறது என்பதைச் சாரதிகளும் உரிமையாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

டர்போவினுள்ளே ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறிய சக்கரங்கள் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பாரத்தோடு ஓடும்போது அந்தத் தண்டு நிமிடத்துக்கு 100,000 சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. அதைச் சுழற்றும் புகையின் வெப்பம் டீசல் எஞ்சினில் 700 பாகை செல்சியஸைத் தாண்டலாம், பெற்றோல் எஞ்சினில் 900 பாகையையும் தாண்டலாம். இவ்வளவு வேகத்தில் சுழலும் தண்டு பெயாரிங்கின் உலோகத்தில் நேரே உரசாமல், மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்தபடியே சுழல்கிறது. உராய்வைத் தடுப்பதும் அந்த ஒயில்தான், சூட்டை அள்ளிக்கொண்டு போவதும் அதுதான்.

ஒயில் பம்பை இயக்குவது எஞ்சின். எஞ்சின் நின்றால் ஒயிலும் நின்றுவிடும். ஆனால் புகை பாய்ந்த இரும்புக் கூட்டில் தேங்கியிருக்கும் சூடு உடனே தணிவதில்லை. அது இரு சக்கரங்களுக்கும் இடையே பெயாரிங் இருக்கும் நடுப்பகுதிக்குப் பரவி, அங்கே அசைவற்றுக் கிடக்கும் ஒயிலைக் காய்ச்சுகிறது. அடுப்பை அணைத்த பின்னும் இரும்புத் தாச்சியில் மிஞ்சிய எண்ணெய் கருகி ஒட்டிக்கொள்வதைப் போல, ஒயில் கரியாகி உள்ளே படிகிறது. பழுதான டர்போவிலிருந்து ஒயில் குழாயைக் கழற்றி, அதைப் பொருத்தும் துளைப் போல்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: முன்பே ஒடுங்கிய துளையின் சுவரில் கறுத்த ஓடு ஒன்று படிந்திருக்கும், கம்பியால் சுரண்டினாலும் அது இலகுவில் உதிராது. ஒருமுறை அவசரமாக நிறுத்தியதால் இது வருவதில்லை. நாள்தோறும் படலம் படலமாக ஏறி, ஒயில் வரும் வழியை அடைத்த பின்னர்தான் விசில் போன்ற சத்தமும் நீலப் புகையும் தெரியவரும்.

சாரதிக்கு முன்னேயிருக்கும் வெப்பமானியின் முள் நடுவில் நின்றால் எஞ்சின் சூடாகவில்லை, நிறுத்தலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த முள் காட்டுவது குளிரூட்டும் நீரின் வெப்பத்தை மட்டுமே. டர்போ எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எஞ்சினை நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி சுற்றுவதைக் கண்டு மனம் ஆறுவதிலும் பயனில்லை, ஏனெனில் அந்த விசிறியால் பெயாரிங்குக்கு ஒயில் போவதில்லை.

நிறுத்துவதற்கு முன் அக்சிலேற்றரை ஒருமுறை மிதித்து எஞ்சினை உறுமவிட்டுத் திறப்பைத் திருப்புவது இவற்றிலெல்லாம் மோசமானது. பழைய லொறிக்காரர்களிடமிருந்து வழிவழியாக வந்த இந்தப் பழக்கத்தை நான் முற்றாகக் கைவிடச் சொல்வேன். உறுமலில் டர்போ வேகமெடுத்துவிடும். எஞ்சின் நின்ற பின்னும் தண்டு சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஒயில் அழுத்தம் இல்லாமற் போயிருக்கும்.

அப்படியானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? வாகனத்தோடு வரும் கையேடு சொல்வதே இறுதியானது. டர்போ டீசல் வாகனங்களின் சில கையேடுகள், சாதாரண நகர ஓட்டத்துக்குப் பின் காத்திருக்கத் தேவையில்லை என்றும், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் தொடர்ந்து ஓடியிருந்தால் சுமார் 20 விநாடிகள், 100 கிலோமீற்றரென்றால் ஒரு நிமிடம், செங்குத்தான மலையேற்றத்துக்குப் பின் இரண்டு நிமிடங்கள் என்றும் வகுத்திருக்கின்றன. வன்னியில் ஏற்றம் இல்லையே என்று எண்ணி இதைத் தள்ளிவிடக் கூடாது. டர்போவைச் சூடாக்குவது வேகத்தைவிடப் பாரம்தான். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளை அளவுக்கு மேல் அடுக்கிக்கொண்டு மணல் பாதையில் தாழ்ந்த கியரில் இழுத்து வரும் கெப், மணிக்கு 20 கிலோமீற்றரைக் கூடத் தொடாமல் இருக்கலாம். ஆனாலும் அதன் டர்போ, பாரமில்லாமல் ஏ-9 இல் ஓடி வந்த காரினுடையதைவிடச் சூடாக இருக்கக்கூடும். ஆகவே மூட்டை இறக்க வந்து நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம், எஞ்சினை அமைதியாக ஓடவிடுவது நல்லது.

நின்ற பின் காத்திருப்பதைவிட, கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வருவது மேலானது என்பதே என் உறுதியான கருத்து. அக்சிலேற்றரை மென்மையாக மிதித்து ஓட்டும்போது புகையின் சூடு தணிகிறது, ஒயில் நல்ல அழுத்தத்தோடு பாய்கிறது, முன்னாலிருந்து காற்றும் படுகிறது. முறிகண்டிக்கு வரும்போதும் கிளிநொச்சி நகரத்துக்குள் நுழையும்போதும் இதைச் செய்தால், நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டியது ஏறக்குறைய முடிந்திருக்கும். எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டுமாதலால், பம்பின் அருகில் ஓடவிட்டுக் காத்திருக்க முடியாது.

இதைக் கேள்விப்பட்டு, பத்து நிமிடம் பதினைந்து நிமிடம் என்று வெறுமனே ஓடவிடுவோரும் உண்டு. டீசல் வீணாவதோடு, நீண்ட வெற்றோட்டத்தில் எரிப்பு முழுமையாக நடக்காமல் கரி சேரும். முதல் ஓரிரு நிமிடங்களுக்குப் பின் டர்போவுக்குக் கிடைக்கும் நன்மையும் மிகச் சொற்பம்.

புதிய பெற்றோல் டர்போக் கார்கள் பலவற்றில் நடுப்பகுதியைச் சுற்றி நீரும் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பின்னரும் சூடேறிய நீர் தானாக மேலெழுந்து சுற்றிக் கொஞ்சம் சூட்டை அகற்றுவதால் அவற்றுக்கு இந்த ஆபத்து குறைவு. சந்தியில் நின்றால் தானாகவே நின்று தானாகவே ஓடும் எஞ்சின்கள் அதற்கேற்ப அமைக்கப்பட்டவை. அந்த வசதியைக் கண்டு, ஒயிலை மட்டும் நம்பியிருக்கும் பழைய டீசல் வானையும் அப்படியே நடத்துவது தவறு.

ஒயில் தரமற்றதாக இருந்தால் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. விலை குறைவென்று தரக்குறியீடு தெரியாத சில்லறை ஒயிலை ஊற்றுவதும், மாற்ற வேண்டிய தூரத்தைக் கடந்து ஓடுவதும், கிரவல் வீதிப் புழுதி நிறைந்த எயார் ஃபில்டரைத் தட்டித் தட்டியே பாவிப்பதும் டர்போவை வேறு வழிகளில் கெடுக்கின்றன.

டர்போ பழுதாகிப் புதியதைப் பூட்ட நேர்ந்தால், கராஜில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுச் செய்விக்க வேண்டும். ஒயில் கொண்டுவரும் குழாயையும் துளைப் போல்ட்டையும் மாற்றி, ஒயில் திரும்பும் குழாயை அடைப்பின்றிச் சுத்தமாக்கி, ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் புதிதாகப் போட்ட பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். பழைய குழாயை அப்படியே பூட்டினால், அதில் படிந்திருக்கும் கரி புதிய டர்போவுக்கும் ஒயில் போகும் வழியை அடைத்துவிடும்.