ஹெர்-2 ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மார்பகப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை, அதிகம் குழப்பாது. மூன்றாவதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கவுன்டரில் வந்து நிற்பார்கள். "மேடம், பாசிட்டிவ்னு போட்டிருக்கே, நல்லதா கெட்டதா?" நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் திசுவைச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக்கித் தரும் டெக்னீஷியன். ஸ்லைடைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது நோயியல் டாக்டர், மருந்தை முடிவு செய்வது புற்றுநோய் டாக்டர். அவர்கள் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே, அந்த அளவுக்கு இதைப் படிக்க யாராலும் முடியும்.

ஹெர்-2 நம் எல்லோர் உடம்பிலும் உள்ள ஒரு புரதம், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாதி உள்ளே இருக்கும், நடுவில் ஒரு சின்னத் துண்டு செல்லின் வெளிச்சவ்வைத் துளைத்து நிற்கும். வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே கடத்துவது இந்தக் குடும்பத்து ஏற்பிகளின் வேலை. குடும்பத்தில் மொத்தம் நான்கு. அதில் ஹெர்-2வுக்கு மட்டும் நேராக வந்து ஒட்டும் சேதிப்பொருள் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மற்ற ஏற்பிகளோடு ஜோடி சேர்ந்துதான் காரியம் பார்க்கும். இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பெயர் ஈஆர்பிபி2. ஹெர்-2, ஹெர்-2/நியூ, ஈஆர்பிபி2 என்று ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு மாதிரி போடும். எல்லாம் ஒன்றுதான், வேறு டெஸ்ட் என்று நினைத்து மறுபடி காசு கட்ட வேண்டாம்.

சாதாரண செல்லில் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும். நூறு மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 வரை, கட்டியின் செல்களில் இந்தப் பிரதிகள் கன்னாபின்னாவென்று பெருகியிருக்கும். மேற்பரப்பில் சுமார் 20,000 இருக்க வேண்டிய ஏற்பி 20 லட்சம் வரை போய்விடும். அதுதான் பாசிட்டிவ். இது கட்டிக்குள் நடப்பது, பிறப்பில் வருவதில்லை. "அம்மாவுக்கு ஹெர்-2 பாசிட்டிவ், எனக்கும் வருமா?" என்று கேட்கும் பெண்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். பரம்பரையைப் பார்க்கும் பிஆர்சிஏ டெஸ்ட் தனி.

நல்லதா கெட்டதா என்றால், பதில் காலத்தோடு மாறியிருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்லேமனின் குழு, இந்த மரபணு பெருகிய கட்டிகள் சீக்கிரம் திரும்பி வருகின்றன என்று காட்டியது. அப்போது அது கெட்ட சேதி மட்டும்தான். 1998இல் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஏற்பியின் வெளிப்பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. ஒட்டுவதற்கு ஏற்பி நிறைய இருக்க வேண்டும் என்பதால், பாசிட்டிவ் என்பது ஒரு வழி திறந்திருக்கிறது என்ற சேதியாகவும் ஆகிவிட்டது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். எல்லோரும் நேராகக் கடைசி வரிக்குப் போவார்கள். நீங்கள் மேலிருந்து வாருங்கள். எந்தப் பக்க மார்பு, எந்த பிளாக் எண் (திசுவை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக்), திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பல ரிப்போர்ட்டில் போடுவதே இல்லை, ஆனால் எங்கள் வேலையின் பாதி தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. உடம்பிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினுக்குள் போக வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் புரதம் கெட்டு, சாயம் சரியாகப் பிடிக்காது. பொய்யான நெகட்டிவ் அப்படித்தான் பிறக்கிறது.

நம்மூரில் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து "லேபில் குடுத்துடுங்க" என்று அனுப்புவது சகஜம். அப்படிக் கொடுத்தால் அங்கேயே நின்று சிஸ்டரிடம் கேளுங்கள்: "ஃபார்மலின்தானே ஊத்தியிருக்கு?" சலைனில் போட்டு வந்த திசுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் பெயர், வயது, எந்தப் பக்கம், எடுத்த நேரம் எழுதியிருக்க வேண்டும், திசு முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்ததைத் திங்கள் காலையில் கொண்டுவந்தால் பிழைத்துக்கொள்ளும். பொங்கல் லீவு முடியட்டும் என்று வீட்டில் வைத்திருந்தால் 72 மணி தாண்டிவிடும். அந்த மாதிரி நாட்களில் லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், யாராவது ட்யூட்டியில் இருப்போம்.

அடுத்தது ஸ்கோர். மெழுகு பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஹெர்-2வை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரச் செய்வோம். மீதி இடம் வெளிர்நீலம். டாக்டர் பார்ப்பது, பரவும் தன்மையுள்ள கட்டி செல்களின் சவ்வில் மட்டும் எவ்வளவு பழுப்பு என்பதை. 3+ என்றால் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வு முழுச் சுற்றுக்கும் அடர்பழுப்பு. லென்ஸைக் குறைந்த பவரில் வைத்தாலே கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. 1+ என்றால் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில், பவரைக் கூட்டித் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கலாக, அதுவும் அரைகுறை வட்டமாக. அதுவும் இல்லையென்றால் 0.

நடுவில் நிற்கும் 2+தான் வம்பு. பெரும்பாலும் சுற்று முழுசாக இருக்கும், ஆனால் நிறம் மிதமாகத்தான் இருக்கும். இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு கருத்து வரும். 2+ வந்தால் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, டெஸ்ட் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒருவர் 2+ ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்து மூடிவிட்டு, "பாதி பாசிட்டிவ்னு சொன்னாங்க" என்றார். பாதி பாசிட்டிவ் என்று ஒன்று கிடையாது. ‘ஃபிஷ்’ டெஸ்ட் செய்தாக வேண்டும். செலவு கூடுதல்தான், ஆனாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபிஷ்ஷில் புரதத்தை விட்டுவிட்டு மரபணுவையே எண்ணுகிறார்கள். இருட்டறையில் ஒளிரும் நுண்ணோக்கியில், வழக்கமாக ஹெர்-2 மரபணு செம்புள்ளியாகவும், 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி பச்சைப் புள்ளியாகவும் தெரியும். குறைந்தது 20 செல்களில் எண்ணி சராசரி போடுவார்கள். ரிப்போர்ட்டில் மூன்று எண் இருக்கும், நீங்களே வகுத்துப் பார்க்கலாம். சராசரி ஹெர்-2 9.6, குரோமோசோம் 2.4 என்றால் விகிதம் 4.0. விகிதம் 2 அல்லது அதற்கு மேல், ஹெர்-2 சராசரியும் 4 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். இரண்டும் அதற்குக் கீழே என்றால் நெகட்டிவ். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இழுபறியாக வந்தால் பழுப்பு ஸ்லைடை மறுபடி பார்த்து டாக்டர் முடிவெடுப்பார். அந்தக் கணக்குக்குள் நீங்கள் போக வேண்டாம்.

நெகட்டிவ் என்றால் அதோடு விட்டுவிடலாமா? முன்பு விட்டுவிடலாம். இப்போது 1+ஐயும், ஃபிஷ் நெகட்டிவ் ஆன 2+ஐயும் ‘ஹெர்-2 லோ’ என்று தனியாக வைக்கிறார்கள். பரவிவிட்ட நோயில் இப்படிப்பட்டவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. ஆகவே வெறும் ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ரிப்போர்ட் வந்தால் திருப்பிக் கொடுத்து, 0வா 1+ஆ என்று எண்ணைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எண்ணைப் போடாத லேப்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்.

வேறு ஊருக்கு இரண்டாவது கருத்துக்குப் போகிறீர்கள் என்றால் பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீவி வைத்த ஸ்லைடு ஆறு வாரம் தாண்டினால் ஹெர்-2 சாயத்துக்கு ஆகாது. பிளாக் அப்படியல்ல, வருஷக்கணக்கில் இருக்கும். ஆனால் அது மெழுகு. 60 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கடியிலோ கார் கண்ணாடி ஓரத்திலோ வைக்காமல் கைப்பையில் கொண்டுபோங்கள். கொடுத்த இடத்தில் பிளாக் எண்ணோடு ரசீது வாங்குங்கள்.

டிராஸ்டுசுமாப் ஆரம்பிப்பதற்கு முன்னால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதயத் தசையிலும் இதே ஏற்பி இருப்பதால் மருந்து அங்கேயும் கொஞ்சம் கை வைக்கும். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த எக்கோ தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நோய் திரும்பி வந்தால் பழைய ஹெர்-2 ரிப்போர்ட்டை மட்டும் நம்ப முடியாது. கட்டியின் குணம் மாறியிருக்கலாம், எடுக்க முடிகிற இடமாக இருந்தால் புது பயாப்ஸியில் மறுபடி பார்ப்பார்கள். எலும்பிலிருந்து எடுத்தால் அதை இளக்க அமிலம் போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அங்கே வந்த நெகட்டிவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரிக்க வேண்டும்.