வாவியில் முனகும் பிராணி: ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு நம்பும்படி ஒன்றை உருவாக்கும் முறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நடத்துவது ரோல்பிளேயிங் ஆட்டம். அதை ஆடத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே இந்த வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். "டிராகன் பறக்கிற உலகத்தில் அது எதைத் தின்கிறது என்று கேட்பது என்ன நியாயம்?" என்பார் ஒருவர். "பசியில்லாத பிராணி ஊருக்குள் ஏன் வருகிறது?" என்பார் மற்றவர். எங்கள் வாக்கு இரண்டாமவருக்கு. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தடயம் பார்த்து ஊகித்து, திட்டம் போட்டு வெல்லவேண்டும். ஊகிக்க வழியே இல்லாத பிராணி வந்தால் பகடையை உருட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை கிடையாது.

கோவில் தூணில் நிற்கும் யாளியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே யாளியை மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள்: பகலில் எங்கே படுக்கும், குட்டி எங்கே, நெருப்புக்குப் பயமா என்று ஐந்து நிமிடத்தில் கேள்விகள் வந்து விழும். அவற்றுக்கு விடை சொல்லும்படி, மட்டக்களப்பு வாவியில் வாழும் ஒரு கற்பனைப் பிராணியை இங்கே படிப்படியாகச் செய்வோம். பெயர் முனகி.

தேவையானவை: ஒரு கொப்பி, 20 முகப் பகடை, 10 முகப் பகடை, 6 முகப் பகடை, இவ்வகை ஆட்டங்களில் பெயர்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள். இந்த விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு பின்னேரம் போதும்.

படி 1: ஒரே ஒரு பொய்

உலகத்தில் நடக்க முடியாத விஷயம் ஒன்றை மட்டும் பிராணிக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைக்கட்டும். 1970களில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், கடையில் விற்ற மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்தே ஆந்தைக்கரடியையும் இரும்பைத் துருவாக்கும் பிராணியையும் படைத்தார். துருப்பிராணி இன்றுவரை மேசையில் நிலைத்திருப்பது உருவத்தால் என்று நாங்கள் நினைக்கவில்லை. அது தொட்டால் இரும்பு துருவாகும் என்ற ஒரே பொய், வாள்காரனை ஓடவைத்து மரக்கம்பு வைத்திருப்பவனை முன்னுக்குத் தள்ளுகிறது. அதுதான் அதன் பலம்.

முனகியின் பொய் இது: அது தண்ணீருக்குள் முனகினால், அந்தத் தண்ணீரில் உடம்பு பட்டவர்களின் கைகால் சோர்ந்துபோகும்.

இனி உண்மையான இயற்பியலைப் பக்கத்தில் வையுங்கள். ஒலி தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும்; காற்றில் 340 அளவுதான். தண்ணீருக்குள் எழும் ஒலியில் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், வெளியே வராது. ஆகவே கரையில் நிற்பவனுக்கு ஆபத்தில்லை. இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை எறிபவன் அகப்பட்டான். தோணிக்குள் இருப்பவன், கையைத் தண்ணீரில் விடாதவரை பிழைத்தான். மூன்று விதிகளும் ஒரே பொய்யிலிருந்து வந்தவை. ஆடுபவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். முனகலோடு நஞ்சும், மறையும் சக்தியும், நெருப்பும் சேர்த்துவிடுவார்கள். நான்கு பொய் இருந்தால் எதையும் ஊகிக்க முடியாது.

படி 2: அளவும் எடையும்

நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தசையின் குறுக்குவெட்டு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகும். கலிலியோ 1638இலேயே எழுதிவைத்த கணக்கு இது. முனகிக்குக் கெளிற்றின் உடம்பும் மீசையும் கொடுப்போம். ஒரு மீற்றர்க் கெளிறு 6 கிலோ என்று வைத்தால், 4 மீற்றர் முனகி 6 × 64 = 384 கிலோ. சின்னத் தோணியைக் கீழிருந்து முட்டிக் கவிழ்க்க இது தாராளம். தண்ணீர் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது; கரையேறினால் அதன் எடையே அதை அமுக்கும். எனவே ஆட்டத்தில் அதன் ஒரு முறைக்கு நீந்தும் வேகம் 40 அடி, கரையில் 10 அடி.

படி 3: சாப்பாடு

வளர்ந்த ஆசிய யானை ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். ஆனால் மீன், முதலை போன்ற குளிர்க்குருதிப் பிராணிக்கு, அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். முனகியைக் குளிர்க்குருதியாக்குங்கள். மீன், றால், கரையில் தண்ணீர் குடிக்க வரும் ஆடு, எப்போதாவது நாய். மாதம் மூன்று பேரைத் தின்கிறது என்று எழுதினால், இரண்டாம் மாதமே சனம் வாவியை விட்டுப் போயிருக்கும். உங்கள் கதையில் ஊரே இருக்காது.

படி 4: பக்கத்தில் வாழும் சனம்

இந்தப் படியில் அதிக நேரம் செலவழியுங்கள். பிராணியின் பல்லையும் செதிலையும் எவ்வளவு வர்ணித்தாலும், அதோடு பழகிய ஊரின் பழக்கம் நம்ப வைக்கிற அளவுக்கு நம்ப வைக்காது. அம்பாறைப் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவரைப் பாருங்கள். பரண் மேல் படுக்கை, கையில் யானை வெடி. யானையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமலே அது வரும் என்று தெரிந்துவிடுகிறது.

முனகியின் ஊருக்கும் அப்படி மூன்று பழக்கம் எழுதுங்கள். மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பது உண்மையான வழக்கம். உங்கள் கதையில் மீனவர் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் அப்படிக் கேட்கட்டும். விட்டு விட்டுக் கேட்டால் மீன். ஒரே இழுவையாகக் கேட்டால் முனகி, அன்று தொழில் இல்லை. வீச்சுவலைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. பிடியில் வைத்துக்கொள்வார்கள், இழுத்தால் விட்டுவிடலாம். ஆடுகளுக்குக் கரையில் தண்ணீர் காட்டமாட்டார்கள், கிணற்றில் அள்ளி ஊற்றுவார்கள்.

அது ஏன் இன்னும் கொல்லப்படவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை வேண்டும். பகலில் கண்டல் வேர்களுக்குள் கிடக்கும்; அங்கே தோணி நுழையாது. மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீரோட்டம் மாறும்போது அதுவும் இடம் மாறும்.

பேய் பிசாசுக்கு இந்த உணவுக் கணக்கு தேவையில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பேய்க்கதைகளைக் கவனியுங்கள்: அதற்கு என்ன வேண்டும், எந்த நேரம் நடமாடும், எதைக் கண்டால் விலகும் என்ற மூன்றும் தெளிவாக இருக்கும். சோற்றுக்குப் பதில் அந்த மூன்றையும் எழுதுங்கள்.

படி 5: எண்கள்

வெறுங்கையோடு தொடங்கவேண்டாம், விதிநூலின் முதலையை எடுத்துத் திருத்துங்கள். அதன் கவச எண் (அடி படப் பகடை எட்டவேண்டிய எண்) 12, உயிர்ப்புள்ளி (விழுமுன் தாங்கும் சேதம்) 19, சவால் நிலை (எவ்வளவு கடினமான எதிரி என்ற அளவு) அரை. புதிதாகத் தொடங்கும், அதாவது முதல் நிலையில் உள்ள நான்கு பேருக்குச் சவால் நிலை 1 நடுத்தரச் சண்டை. எனவே முனகிக்கு:

கவச எண் 12. உயிர்ப்புள்ளி 45. கடி: 20 முகப் பகடையில் தாக்கும் வீச்சுக்கு +5, சேதம் 10 முகப் பகடை ஒன்று + 3. முனகல்: 60 அடிக்குள் தண்ணீரில் உடம்பு பட்ட எல்லோரும் 20 முகப் பகடையோடு உடல்வலிமை எண்ணைக் கூட்டி 12 எடுக்கவேண்டும், தவறினால் முனகியின் அடுத்த முறை முடியும்வரை வேகம் பாதி. ஒருமுறை முனகியபின், அதன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 6 முகப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் மறுபடி முனகும்.

கடியின் சராசரிச் சேதம் 8.5. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியே பெரும்பாலும் 6 முதல் 8 வரைதான். ஒரே கடியில் விழுந்துவிடுவார். ஆகவே தடயம் எதுவும் காட்டாமல் முதல் கடியைப் போடாதீர்கள். பாதி உயிர்ப்புள்ளி போனதும் முனகி கண்டலுக்குள் ஓடட்டும். பசிக்காக வந்த பிராணி சாகும்வரை சண்டை பிடிக்காது.

படி 6: தடயமும் ஒத்திகையும்

ஒரே உண்மைக்கு மூன்று தடயம், ஒவ்வொன்றும் வேறு புலனுக்கு. காதுக்குத் துடுப்பில் கேட்கும் இழுவை. கண்ணுக்கு, நீர்க்காகம் ஒன்றுகூட உட்காராத கட்டைகள். கைக்கு, காயப்போட்ட வலை: ஈயக் குண்டுகள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும், அறுந்த நூல்நுனிகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருக்கும், காய்ந்த வழுவழுப்பு நகத்தால் சுரண்டினால் வெள்ளைச் செதிலாக உதிரும். இரண்டைத் தவறவிட்டாலும் ஒன்று மிஞ்சும்.

பிறகு இரண்டு நண்பர்களை அரைமணி நேரம் இருத்தி, தடயங்களை மட்டும் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "தோணியிலிருந்தே ஈட்டி எறிவோம்", "ஆட்டைக் கட்டிக் கரைக்கு இழுப்போம்" என்று வந்தால் சரி. "போய்ப் பார்ப்போம்" என்று மட்டும் வந்தால் படி 4க்குத் திரும்பி, ஊர்ப் பழக்கத்தில் இன்னொன்றைச் சேருங்கள். "காதில் மெழுகு அடைப்போம்" என்றால், ஒலி உடம்பு வழியாக ஏறுகிறது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. கரையில் நின்று துடுப்பில் தெளிவாகக் கேட்டவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்காலளவில் நின்ற செவிடன் விழுந்தான் என்று மீனவர் ஒருவர் வாயால் சொல்லவையுங்கள்.