கழிப்பறையைக் கழுவுகிறேன் என்று வீட்டைக் கரைப்பவர்கள்

கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாரம் ஒருமுறை தேயுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடலாம். தனிக்குடித்தனம் வந்தவர்கள், வாடகை வீடு மாறுகிறவர்கள், வேலைக்கு வந்த அம்மா நின்றுபோனதால் பிரஷ்ஷைத் தாமே கையில் எடுத்தவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் அதே தவறுகள்தான், அதே வரிசையில். இந்த வேலையில் பழுத்தவர்களும் முதலில் செய்தவை அவை. பெரும்பாலானவை தண்ணீரோடு போய்விடும். ஒன்று மட்டும் டைல்ஸைப் பெயர்க்க வைத்துவிட்டுத்தான் ஓயும்.

கறை எது என்று பார்க்காமல் பாட்டிலைத் திறப்பது

போர் தண்ணீர் ஓடும் வீட்டில் கோப்பைக்குள் படிவது பெரும்பாலும் அழுக்கே இல்லை. தண்ணீரிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து இறுகிய உப்பு அது. சிறுநீரின் உப்பும் சேர்ந்தால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனையால் சுரண்டிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டினால் உப்பு. செம்மண் நிறத்தில் கோடாக இறங்கியிருந்தால் இரும்பு. கறுப்பாக, வழவழவென்று விரலில் வந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும்.

உப்புக்கும் இரும்புக்கும் அமிலம் வேண்டும். வழவழப்புக்கு பிளீச்சிங் வேண்டும். நடப்பதோ தலைகீழ். உப்புப் படிவத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் நிறம் மட்டும் வெளுக்கும், படிவம் அப்படியே இருக்கும். அந்தச் சொரசொரப்பில் பத்தே நாளில் புது அழுக்கு ஏறிக்கொள்ளும். இரும்புக் கறையில் இன்னும் மோசம்: பிளீச்சிங் இரும்பை மேலும் துருவாக்கி, கறையை ஆழப்படுத்திவிடும்.

தண்ணீர் நிற்கும் கோப்பையில் கிளீனரை ஊற்றுவது

வெஸ்டர்ன் கோப்பையின் அடியில் எப்போதும் ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. 100 மில்லியை அந்தத் தண்ணீரில் ஊற்றினால் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்புறம் "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று பேச்சு.

பிரஷ்ஷைக் கோப்பையின் வாய்க்குள் வைத்து ஏழெட்டு முறை வேகமாக அமுக்குங்கள். தண்ணீர் வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். கறைக்கோடு வெளியே தெரிந்த பிறகு கிளீனரை நேராக அதன் மேலேயே விடுங்கள். விளிம்பின் அடிப்பகுதிக்கு டிஷ்யூ பேப்பரைக் கயிறுபோல் முறுக்கி, கிளீனரில் நனைத்து, உள்ளே திணித்து 20 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் குப்பைக் கூடையில் போடுங்கள், கோப்பையில் அல்ல. ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் துளைகள் உப்பால் அடைபட்டிருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் சுழலும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை அடியில் பிடித்தால் எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவசரமில்லை என்றால் சிட்ரிக் ஆசிட் போதும். 100 கிராமை ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து இரவு ஊற்றி, காலையில் தேய்க்கலாம். கை பொறுக்கும் சூடுதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும்.

தரையில் ஆசிட் ஊற்றுவது

எரிச்சல் வருவது இதில்தான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வீட்டில் அதே மஞ்சள் பாட்டில்.

இது குடியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. டைல்ஸ் ஒட்டிய கையோடு, மேலே படிந்த வெள்ளை சிமென்ட் பூச்சைப் போக்க 'ஆசிட் வாஷ்' என்று ஒன்று செய்வார்கள். பாட்டிலைச் சாய்த்து, தென்னந்துடைப்பத்தால் இழுத்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டால் தரை பளபளக்கும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. டைல்ஸுக்கு நடுவே இடுக்கில் நிரப்பிய, இன்னும் இறுகாத சிமென்ட்டுக்கு முதல் அடி அன்றைக்கே விழுகிறது. ஒட்டிய அன்றே ஈர ஸ்பாஞ்சால் இரண்டு முறை துடைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

அடுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பண்டிகைச் சுத்தம். கடைசியாக வீடு காலி செய்யும் வாரம், அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு பாட்டில்.

ஊற்றியதும் தரை 'உஸ்' என்று நுரைக்கும். "பார், அழுக்கு எப்படிப் பொங்குது!" என்பார்கள். குனிந்து பாருங்கள்: டைல்ஸின் நடுவில் பெரிதாக நுரை இருக்காது, இடுக்கோடு கோடு போட்ட மாதிரி இருக்கும். அமிலத்துக்கு உப்புப் படிவம் எப்படியோ அப்படித்தான் சிமென்ட்டும். இரண்டிலும் சுண்ணாம்பு இருக்கிறது. கரைந்தது கால்சியம் குளோரைடாகித் தண்ணீரோடு தரையின் வடிகால் ஜாலிக்குள் போய்விடும். நுரை அடங்கும்போது இடுக்கு சிமென்ட் நூலளவு குறைந்திருக்கும்.

அந்தப் பள்ளத்தில் அழுக்கு தங்கும், தரை முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும், ஆகவே மறுபடி ஆசிட். மூன்று நான்கு சுற்றில் இடுக்கு சிமென்ட் முழுதும் போய்விடும். குளிக்கிற தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கி, குழாய்களை மூடப் போட்டிருக்கும் செங்கல் ஜல்லியில் தேங்கும். முதல் அறிகுறி பாத்ரூமில் தெரியாது. மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பெயின்ட் உப்பி உதிரும். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் வட்டமாக ஈரம். பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அவர் குழாயைச் சந்தேகப்படுவார், சுவரை உடைப்பார், குழாய் நன்றாக இருக்கும். ஆசிட் பாட்டில் மட்டும் ஸ்லாபின் மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

தரை கடப்பா, மார்பிள், மொசைக் என்றால் இடுக்கோடு நிற்காது. கடப்பா சுண்ணாம்புக் கல், மார்பிளும் சுண்ணாம்பு இனம்தான், மொசைக்கை இறுக்கிப் பிடிப்பதே சிமென்ட். ஒரே ஊற்றில் மெருகு போய்விடும். எழும் புகையும் சும்மா போகாது. குழாயின் குரோம் பூச்சில் பச்சைப் புள்ளி, கதவுக் கீலில் துரு, ஸ்டீல் ஜாலியில் பொடிப்பொடியாக ஓட்டை.

தரையின் மஞ்சளுக்கு வேண்டியது வேறு. அதில் பாதி சோப்பும் உடம்பு எண்ணெயும். அரை பக்கெட் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி துணி பவுடர் கரைத்து, ஊற்றி, 15 நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போகும். மிச்சமிருக்கும் வெள்ளைத் திட்டுக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். முதலில் வெறும் தண்ணீரால் தரையை நனைத்துவிடுங்கள். இடுக்கு தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலத்தைக் குடிக்காது. ஸ்பாஞ்சால் டைல்ஸின் முகத்தில் மட்டும் தடவி, ஐந்து நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிட்ரிக்கும் சிமென்ட்டைத் தொடும், வேகம்தான் குறைவு. கல் தரைக்கு அதுவும் கூடாது.

ஏற்கெனவே பலமுறை ஆசிட் பட்ட தரையா? கோணி ஊசியால் இடுக்கில் கீறிப் பாருங்கள். மணல்போல உதிர்ந்தால் காலம் வந்துவிட்டது. பழைய பூச்சை 3 மில்லிமீட்டர் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, எபாக்சி என்ற, தண்ணீர் புகாத பிசின் கலவையை நிரப்பி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள். செலவு ஒயிட் சிமென்ட்டைவிடக் கூடுதல்தான், டைல்ஸைப் பெயர்ப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இன்றைக்கே தவறி ஆசிட் கொட்டிவிட்டது என்றால் உடனே தண்ணீர் விட்டு, சமையல் சோடாவைத் தூவுங்கள். நுரை அடங்கும்வரை தூவிவிட்டு மறுபடி கழுவுங்கள்.

ஆசிட் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் அடையாள அட்டை, பதிவேடு என்று கட்டுப்பாடுகள் விதித்தது. அதன் பிறகும் தண்ணீர் பாட்டிலில், லேபிள் இல்லாமல் கைமாறுகிறது. தாகமெடுத்த குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பலன் என்று நினைப்பது

பிளீச்சிங் பவுடரின் மேல் ஆசிட் பட்டால் வருவது குளோரின் வாயு. டாய்லெட் கிளீனரும் அமிலம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரே கம்பெனி ஒரே வடிவப் பாட்டிலில் அமிலக் கிளீனரும் விற்கும், பிளீச் கிளீனரும் விற்கும். லேபிளில் 'ஹைப்போகுளோரைட்' என்று இருந்தால் அது பிளீச். குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எக்சாஸ்ட் ஃபேன் உச்சியில் இருக்கிறது, குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கு கீழே.

நெடி ஏறிக் கண் எரிந்தால் "தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்" என்று நிற்கவே கூடாது. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளியே வாருங்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுக்கிறது என்றால் மருத்துவமனை. முதலில் லேசாக இருந்து சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டு.

பிளீச்சிங் தேவைப்படும் நாளில் அமிலத்தைத் தொடாதீர்கள். லிட்டருக்கு 15 கிராம் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். பொட்டலத்தைத் திறந்தே வைத்திருந்தால் குளோரின் பறந்துபோய், சுண்ணாம்பு மட்டும்தான் மிஞ்சும்.

கம்பி நார்

கோப்பையில் கூடாது. கீறலில் உப்பு ஏறினால் அப்புறம் இறங்காது.

பினாயில்

வாசனை. உப்பைத் தொடாது.

நாற்றத்துக்குக் கோப்பையையே குறைசொல்வது

கோப்பை பளிச்சென்று இருந்தும் மூத்திர வாடை வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, கோப்பையின் அடிவிளிம்பில் பூசிய ஒயிட் சிமென்ட்டின் விரிசல். உதிர்ந்ததைச் சுரண்டி, சுத்தம் செய்து, ஒரு நாள் காயவைத்து சிலிக்கான் போடுங்கள். பின்பக்கம் இரண்டு விரல்கடை இடைவெளி விட்டால், பின்னாளில் உள்ளே கசிந்தாலும் வெளியே தெரியும். இரண்டாவது தரை ஜாலி. புழங்காத பாத்ரூமில் அதன் அடியில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடைக் காற்றும் கரப்பானும் நேராக மேலே வரும். வாரம் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

பிரஷ்ஷை ஈரமாக டப்பாவுக்குள் செருகுவது

சீட்டுக்கும் கோப்பைக்கும் நடுவில் பத்து நிமிடம் செருகி வைத்துச் சொட்டவிடுங்கள்.

ஃப்ளஷ் கசிவைக் கறை என்று தேய்ப்பது

கோப்பையின் பின்சுவரில் ஒரே இடத்தில், ஒரே கோடாக, எத்தனை தேய்த்தாலும் ஒரு வாரத்தில் திரும்பி வரும் கறை. அங்கே தேய்த்துப் பயனில்லை. தொட்டியின் அடி வாஷரிலிருந்து இரவும் பகலும் ஒரு நூலிழை தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதன் உப்புதான் கோடாகிறது. படுக்கப்போகும் முன் தொட்டி மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விட்டுவிட்டு, யாரையும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அரை மணி நேரத்தில் கோப்பைத் தண்ணீர் நீலமானால் வாஷரை மாற்றுங்கள். தொட்டிக்குள் குளோரின் மாத்திரை போடுகிற வீட்டில் அந்த ரப்பர் இன்னும் சீக்கிரம் வெடித்துப்போகும்.