மின்சாரம் போனாலும் விண்டோக்களைத் திரும்ப எடுக்க

மாரியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல ஏலாது. யூபிஎஸ் இல்லாத கணினியில் லினக்ஸ் பாவிப்பவர்கள், முக்கியமாகக் கொமினிகேஷன் கடைக்காரர்கள், இதைச் செய்து வையுங்கள்.

லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் டெஸ்க்டொப்கள் பல இருக்கின்றன. உங்களுடையது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் என்றால், அன்றாடம் தேவையான புரோகிராம்களைத் திறந்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, செட்டிங்ஸில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' போங்கள். 'கரண்ட் செஷன்' பகுதியில் 'சேவ் செஷன்' பட்டனை அழுத்துங்கள். செஷன் என்றால் அந்த நேரம் திறந்திருக்கும் புரோகிராம்களின் நிலை; அடுத்தமுறை லொகின் செய்யும்போது அது திரும்ப வரும். 'ஜெனரல்' பகுதியில், லொக்அவுட் செய்யும்போது தானாகச் சேமிக்கும் தெரிவும் இருக்கிறது. ஆனால் மின்சாரம் திடீரென்று போனால் லொக்அவுட்டே நடக்காது, அது உதவாது. அதனால் எங்கள் ஊர்களுக்குக் கையால் சேமிப்பதுதான் சரி.

கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டொப்பில், சிஸ்டம் செட்டிங்ஸின் டெஸ்க்டொப் செஷன் பக்கத்தில், கையால் சேமித்த செஷனை மீட்கும் தெரிவைப் போடுங்கள். அப்புறம் மெனுவில் 'சேவ் செஷன்' வந்துவிடும். திரையில் விண்டோக்களைக் காட்டும் அடிப்படை முறைகள் இரண்டு: வேலண்ட், எக்ஸ்11. வேலண்டில் விண்டோக்கள் பழைய இடத்துக்கே வரும் என்று நம்பாதீர்கள். எக்ஸ்11 இதற்கு நல்லது.

ஃபயர்பொக்ஸில் முந்தைய டேப்களைத் திறக்கும் தெரிவைத் தனியாகப் போட வேண்டும்.

ஒன்றை மறக்கவேண்டாம்: செஷன் எந்தப் புரோகிராம் எங்கே திறந்திருந்தது என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். நீங்கள் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தை அது காப்பாற்றாது. கடிதம் அடிக்கப் பாவிக்கும் லிப்ரே ஒபிஸ் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் அதை 2 நிமிடமாகக் குறையுங்கள்.