இரத்தக்காட்டேரிக் கதையில் இருப்பது யாருடைய பயம்?

மட்டக்களப்பில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் 'டிராகுலா' நாவலை எடுத்துக்கொண்ட நாளில், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "வெயில் பட்டால் அழிந்துபோகிறவன் எப்படிப் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறான்?"

நல்ல கேள்வி. பிராம் ஸ்டோக்கர் 1897இல் படைத்த டிராகுலா பகலிலும் நடமாடுகிறவன்தான். பகலில் அவனுடைய சக்தி குறைந்திருக்கும், அவ்வளவே. சூரிய ஒளி கொல்லும் என்ற எண்ணம் 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தோடு பரவியது. படத்தில் பார்த்ததை நாவலுக்குள் ஏற்றி வாசிப்பதே நான் அடிக்கடி காணும் தவறு. அந்தப் படத்தில் கப்பலோடு எலிகளும் கொள்ளைநோயும் வந்திறங்குகின்றன. உலகப் போரிலும் 1918இன் இன்புளுவென்சாவிலும் உறவுகளைப் புதைத்துக் களைத்திருந்த மக்கள் பார்த்த படம் அது. நாவலின் பயம் வேறு.

ஆண்டைப் பார்க்காமல் பயத்துக்குப் பெயர் வைப்பது அடுத்த தவறு. அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' என்ற காட்டேரி நாவலை எயிட்ஸ் அச்சத்தின் கதை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது வெளியானது 1976இல். எயிட்ஸ் முதன்முதலில் மருத்துவ அறிக்கைகளில் இடம்பெற்றதோ 1981இல். ஆசிரியர் 1972இல் தன் சிறு மகளை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். நாவலில் என்றைக்குமே வளராத ஒரு சிறுமி இருக்கிறாள். பின்வந்த வாசகர்கள் அதில் எயிட்ஸைக் கண்டிருக்கலாம். அது அவர்களுடைய காலத்தின் பயம்.

நாட்டார் நம்பிக்கையையும் இலக்கியத்தையும் ஒன்றாகக் குழப்பவும் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் செர்பியக் கிராமங்கள் காட்டேரி என்று சந்தேகித்துத் தோண்டிப் பார்த்தது செத்துப்போன அயலவனின் குழியை. 1819இல் ஆங்கில எழுத்தாளர் போலிடோரியின் கதையில்தான் காட்டேரி, விருந்துகளுக்குப் போகும் பிரபுவாக மாறுகிறான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பயப்படுகிறவர் யார் என்று கேட்காமல் விடுவது. டிராகுலா ஆங்கிலம் படிக்கிறான், ஆங்கிலச் சட்டம் படிக்கிறான், ரயில் நேர அட்டவணையைக்கூடப் படிக்கிறான். லண்டனில் தன்னை யாரும் அந்நியன் என்று கண்டுகொள்ளக் கூடாது என்பது அவன் ஆசை. தாங்கள் பிற தேசங்களுக்குள் புகுந்ததுபோல ஒருவன் தங்களுக்குள் புகுந்துவிட்டால் என்ற ஆங்கிலேயரின் கலக்கம் அதில் கேட்கிறது. அது ஆட்சி செய்தவர்களின் பயம். 1897இல் இலங்கை ஆளப்பட்ட நாடு. ஆனாலும் வாசிக்கும்போது நாங்கள் டிராகுலாவை வேட்டையாடுகிறவர்களோடு சேர்ந்து ஓடுகிறோம். அதைக் கவனித்துக்கொண்டே ஓட வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஸ்டோக்கரே டப்ளின்காரர், அயர்லாந்தும் அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்நியன் என்ற ஒரே திறப்பால் முழு வீட்டையும் திறக்கவும் முடியாது. நாவலில் டிராகுலா கடித்த லூசி என்ற பெண்ணுக்கு நான்கு ஆண்கள் மாறிமாறி இரத்தம் கொடுக்கிறார்கள். இரத்த வகைகள் கண்டறியப்பட்டது 1901இல்தான், அதனால் பொருந்துமா என்று தெரியாமலே கொடுக்கிறார்கள். லூசியின் தோழி மீனா தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றவள். அக்காலத்தில் 'புதுமைப் பெண்' பற்றி எழுந்த சச்சரவு நாவலுக்குள்ளேயே பேசப்படுகிறது.

எங்கள் ஊர்ப் பயங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். 2011 ஆகஸ்டில், இரவில் பெண்களைத் தாக்கும் மர்ம மனிதன் என்று பேசப்பட்ட கிறீஸ் பூதம் பற்றிய பீதி மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களையும் பிடித்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆண் துணையில்லாத வீடுகள் நிறைய. எங்கள் ஒழுங்கையில் பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே வீட்டில் படுத்தார்கள். உடம்பில் கிறீஸ் பூசியவன் கையில் பிடிபடமாட்டான், பிடித்தாலும் நழுவிவிடுவான் என்றார்கள். யாரிடம் முறையிடுவது என்று தெரியாதவர்களின் பயத்துக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியவில்லை.

அன்றைய கூட்டம் முடியும் நேரம், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து பேத்தியோடு வந்திருந்த ஆச்சி ஒருவர், பிள்ளை பெற்ற வீட்டைத் தேடிவரும் கொத்திப் பேயைப் பற்றிச் சொன்னார். தலைமாட்டில் இரும்பு வைத்துக் காவல் இருந்தார்களாம். கொத்தியை யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி எத்தனை கட்டை தூரம் என்று கேட்டேன்.

"எட்டுக் கட்டை மகன்" என்றார். "இரவில் தோணியும் இல்லை."