பழைய லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று கடையில் சொன்னால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "ஃபார்மட் செய்து தருகிறோம்." மற்றொன்று, "இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிவிடலாம்." எந்தப் பாகம் திணறுகிறது என்று பார்க்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை. அக்கா மகளின் 2018ஆம் ஆண்டு லேப்டாப்பை அண்மையில் சரிசெய்தபோது நான் பார்த்த வரிசையை இங்கே தருகிறேன். கோப்புகளை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ப்ராசஸரின் எண்ணைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே லேப்டாப்தான். உள்ளே முன்னதில் இரண்டு கோர் (கணக்கிடும் மையம்), பின்னதில் நான்கு. இன்டெல்லுக்குப் பதில் ஏஎம்டி நிறுவன ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும்.

ஏழாம் தலைமுறையோ அதற்கும் பழையதோ என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். இணையம், கடிதம், வீடியோ மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளில்தான் பிழைப்பு என்றால் இதற்குமேல் அதில் பணம் போடாதீர்கள்.

படி 2: எது திணறுகிறது?

லேப்டாப்பை இயக்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (ப்ராசஸர்) 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்தால், அது நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அப்போதும் டிஸ்க் 100தான் காட்டும். எனவே மெமரி (ரேம்) அளவையும் சேர்த்தே பாருங்கள்.

டிஸ்க்கும் ரேமும் சரியாக இருந்து, சிபியு மட்டும் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருந்தால் விசிறியைச் சுத்தம் செய்து சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

படி 3: எஸ்எஸ்டி

ஹார்ட் டிஸ்க்தான் திணறுகிறது என்றால் அதற்கு மாற்று எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம். முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். நீல நிறம் நல்லது. மஞ்சள் என்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

எந்த எஸ்எஸ்டி வாங்குவது என்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. வழக்கமான இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் சாட்டா (அந்த ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு முறை) எஸ்எஸ்டி வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல், சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டில் வருகிறது. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதற்குள் சாட்டா ஓடலாம், அதைவிட வேகமான என்விஎம்இ என்ற முறை ஓடலாம், இரண்டும் ஓடலாம். அட்டையின் விளிம்பைப் பாருங்கள்: என்விஎம்இ அட்டையில் பெரும்பாலும் ஒரு வெட்டு, சாட்டா அட்டையில் இரண்டு வெட்டு. இரண்டு வெட்டு உள்ள சாட்டா அட்டை என்விஎம்இ ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்காரும், திருகும் இறங்கும். பயாஸில் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) மட்டும் தெரியாது. சில மாடல்களில் சாட்டா மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ அட்டை பொருந்தி உட்கார்ந்தும் இதே கதைதான். அட்டை கெட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

தப்பிக்க ஒரே வழி, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு. டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் தளத்தில் இலவசமாகத் தருகின்றன. அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஸ்லாட் எதை ஏற்கும், அட்டை 2280 (80 மிமீ) நீளமா 2242 (42 மிமீ) நீளமா என்பதெல்லாம் அதில் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டரை அங்குல சாட்டாவே வாங்குங்கள். சாட்டா நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு இரண்டுமே பறக்கும்.

பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 1 டிபி டிஸ்க்கை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு, டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா சாதாரணமாக நகலெடுக்காது. இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. புதிதாகவே நிறுவுங்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் இணையத்தில் சேர்ந்ததும் விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

படி 4: ரேம்

மதர்போர்டிலேயே சாலிடர் செய்த, கழற்ற முடியாத ரேம் என்றால் இந்தப் படியே இல்லை. ஸ்லாட் இருந்தால் மொத்தம் 8 ஜிபி போதும், 16 வசதி. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் முதலில் எஸ்எஸ்டி போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 5: பேட்டரி

நிர்சாஃப்ட்டின் பேட்டரி இன்ஃபோ வியூ மென்பொருளைத் திறந்தால் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். அக்கா மகளுடையதில் 41 வாட்மணி 18 ஆகியிருந்தது. பாதிக்குக் கீழே போனால் மாற்றலாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியானால் சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்துங்கள்.

படி 6: கணக்கு

மேலே சொன்னவற்றுக்கு ஆகும் மொத்தச் செலவு, அதே வேலையைச் செய்யும் வேறொரு லேப்டாப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் செய்யுங்கள். இது என் அளவுகோல்தான், சட்டமில்லை. மதர்போர்டு போயிருந்தால் நான் கணக்கே போடமாட்டேன். மாற்றுவது என்று முடிவானால், கடையில் பளபளக்கும் மலிவான புது லேப்டாப்பைவிட அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் லெனோவோ திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகியவற்றில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குவேன். கீலும் விசைப்பலகையும் உறுதியாக இருக்கும், உதிரிபாகமும் கிடைக்கும்.

பின்சேர்க்கை: பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க எண் கேட்டு லேப்டாப் நின்றுவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண். விண்டோஸில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ அந்தக் கணக்கைத் திறந்து எடுக்கலாம். இன்னும் திருகைக் கழற்றாதவர்கள் அதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.