பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பை எப்படி வாசிப்பது?

கிறிஸ்தவ விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டு உயிர்விட்ட பெர்பெத்துவாவைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, அவள் சிறைக் குறிப்பு அடங்கிய மூல நூலையே வாசித்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் காரணம் அவள் இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களை எழுதியது பெயர் தெரியாத ஒரு தொகுப்பாசிரியர், அவருக்குப் பிரசங்கம் செய்யும் ஆசை கொஞ்சம் அதிகம். அதனால் முதலில் செய்ய வேண்டியது, அவரைத் தாண்டி நேராக மூன்றாம் அதிகாரத்துக்குப் போவதுதான்.

நூல் மொத்தம் 21 அதிகாரங்கள், எல்லாமே சின்னச் சின்னவை. அதில் 3 முதல் 10 வரை பெர்பெத்துவா சிறையில் இருந்தபோது தானே எழுதியது. 11 முதல் 13 வரை அவளோடு சிறையில் இருந்த சாத்துருஸ் கண்ட காட்சி. மீதி எல்லாம் தொகுப்பாசிரியர் கை. ஒரு பென்சிலை எடுத்து இந்த மூன்று குரல்களையும் முதலிலேயே கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். ஆதித் திருச்சபையில் ஒரு பெண் தானே எழுதி நமக்குக் கிடைத்திருப்பது மிகவும் அபூர்வம், அதை அடுத்தவர் எழுதியதோடு கலந்து படிப்பது பெரிய இழப்பு.

பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். இடம் கார்த்தேஜ், இன்றைய துனிசியா. ஆண்டு 203, ரோமைப் பேரரசர் செப்டிமியுஸ் செவெருஸ் ஆண்ட காலம். பெர்பெத்துவாவுக்கு ஏறத்தாழ 22 வயது, நல்ல குடும்பம், நன்றாகப் படித்தவள், கையில் பால்குடிக் குழந்தை. அவளோடு பிடிபட்டவர்களில் பெலிசித்தா ஓர் அடிமைப் பெண், அப்போது கர்ப்பிணி. கைதாகும்போது இவர்கள் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள்தான், காவலில் இருக்கும்போதுதான் அதைப் பெறுகிறார்கள். கணவன் எங்கே என்று தேடாதீர்கள். அவளுக்குத் திருமணம் ஆனது என்பதோடு சரி, அவன் இந்த நூலில் எங்குமே வருவதில்லை.

இப்போது அவள் எழுதிய எட்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள், எங்கும் நிறுத்தி விளக்கம் தேடாமல். முடித்த பிறகு திரும்பி வந்து அப்பா வரும் இடங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள்: 3, 5, 6, 9. என்னைக் கேட்டால் இந்த நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் முறை அவள் ஒரு குடத்தைக் காட்டி, இதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா, அப்படித்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் என்னைச் சொல்ல முடியாது என்கிறாள், அவர் கோபத்தில் பாய்கிறார். அடுத்த முறை அதே மனிதர் அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்று அழைத்து அழுகிறார். மூன்றாவது, விசாரணை மேடை. ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹிலாரியானுஸ், அப்பாவின் நரைத்த தலையைப் பார், குழந்தையைப் பார், பேரரசர்களின் நலனுக்காகத் தெய்வங்களுக்குப் பலி செலுத்து என்கிறான். மாட்டேன் என்கிறாள். நீ கிறிஸ்தவளா என்று கேட்கிறான், நான் கிறிஸ்தவள் என்கிறாள். அப்போதும் விடாமல் கெஞ்சும் அப்பாவைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொல்கிறான், அந்த அடி தன் மேலேயே விழுந்ததுபோல வலித்தது என்று அவள் எழுதுகிறாள். கடைசி முறை அவர் தாடியைப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுகிறார். அவள் முடிவு மாறவில்லை, ஆனால் அவர் முதுமையை நினைத்து வருந்தினாள். இந்த வருத்தத்தை விட்டுவிட்டு உறுதியை மட்டும் சொல்லும் பிரசங்கங்கள் அவளைப் பாதிதான் காட்டுகின்றன.

அதேபோல் குழந்தை வரும் இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். இருட்டும் புழுக்கமும் நிறைந்த அந்தச் சிறையில் அவளை வதைத்தது குழந்தையைப் பற்றிய கவலைதான் என்று அவளே சொல்கிறாள். தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்துச் சில மணி நேரம் கொஞ்சம் நல்ல இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே பசியில் துவண்ட குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறை எனக்கு மாளிகையாகிவிட்டது என்கிறாள். அரங்கில் கொடிய விலங்குகளுக்கு இரையாக்க வேண்டும் என்ற தீர்ப்புக்குப் பிறகு அப்பா குழந்தையைத் தர மறுத்துவிட, குழந்தையும் பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பு கட்டிக்கொள்ளவில்லை என்று எழுதி, அதைக் கடவுளின் அருளாகக் கொள்கிறாள். இந்த விவரத்தை எந்த ஆண் எழுத்தாளர் கற்பனையாகச் சேர்த்திருப்பார்?

அப்புறம் காட்சிகள். அவள் கண்டவை நான்கு, 4, 7, 8, 10 ஆகிய அதிகாரங்களில். ஆயுதங்கள் பதித்த வெண்கல ஏணி, அதன் அடியில் கிடக்கும் நாகத்தின் தலையை மிதித்து ஏறுவது, மேலே ஆட்டுப் பால் கறக்கும் நரைத்த மேய்ப்பர், இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் உடனே அர்த்தம் கட்டாதீர்கள், முதலில் அவள் எதைக் கண்டாள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் வந்து இறந்த தம்பி தினோக்ராத்தெஸ் வரும் இரண்டும் பின்னால் பெரிய வாதமே கிளப்பின. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களும் மீட்படையலாம் என்பதற்கு ஒருவர் இதைச் சான்றாகக் காட்ட, இது திருமறை நூல்களில் சேர்ந்தது இல்லை, சிறுவன் ஞானஸ்நானம் பெற்றவனாகவும் இருந்திருக்கலாம் என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார் பதில் எழுதினார். அதே அகுஸ்தீனார்தான் இவர்கள் திருநாளில் மறையுரைகளும் ஆற்றினார்.

பத்தாம் அதிகாரத்தின் கடைசியில், விளையாட்டு அரங்கில் நடக்கப்போவதை எழுத விரும்புகிறவர் எழுதட்டும் என்று அவள் எழுத்தை நிறுத்துகிறாள். இங்கே ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கடைசிப் பகுதிக்கு இன்னொரு வழி வேண்டும்: தொகுப்பாசிரியர் சொல்லும் செயலையும், அதற்கு அவர் சொல்லும் காரணத்தையும் பிரியுங்கள். அரங்கில் வெறிகொண்ட பசு தூக்கி எறிந்ததும் பெர்பெத்துவா கிழிந்த ஆடையை இழுத்து மூடினாள் என்பது செயல். வலியைவிட நாணத்தை எண்ணினாள் என்பது அவர் கருத்து. கொண்டை ஊசியைத் தேடித் தலையை முடிந்தாள் என்பதும், கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள் என்பதும், கடைசியில் அனுபவமில்லாத வீரனின் நடுங்கும் கையைத் தன் கழுத்துக்குத் தானே கொண்டுபோனாள் என்பதும் செயல்கள்.

பெலிசித்தா வரும் 15ஆம் அதிகாரத்தை மட்டும் மிக மெதுவாக வாசியுங்கள். கர்ப்பிணிகளைக் கொல்லச் சட்டம் இடம் தராததால், மற்றவர்களோடு சாக முடியாமல் போய்விடுமோ என்று வருந்துகிறாள். எட்டாம் மாதத்திலேயே பிரசவம். வலியில் கதறியவளைப் பார்த்து, இதற்கே இப்படியா, விலங்குகள் முன்னால் என்ன செய்வாய் என்று காவலன் கேட்கிறான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்காகப் பாடுபட என்னுள் வேறொருவர் இருப்பார் என்கிறாள். பிறந்த மகளைக் கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி வளர்த்தாள். பெலிசித்தா எதையும் எழுதி வைக்கவில்லை, அந்த ஒரு பதிலை விட்டால் அவள் குரல் என்று நமக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஏழு பிள்ளைகளோடு மறைசாட்சியாக இறந்ததாகச் சொல்லப்படும் ரோமைப் பெலிசித்தா வேறு ஆள், இணையத்தில் படங்களைக்கூட மாற்றிப் போடுகிறார்கள்.

இவர்கள் நினைவு எப்படித் தங்கியது என்று பார்க்க விரும்பினால், 354ஆம் ஆண்டின் ரோமை நாட்காட்டியிலேயே மார்ச் 7 இவர்கள் நாளாக இருக்கிறது. இராவென்னா நகரத் தேவாலய மொசைக் ஓவியங்களிலும் இருவரும் நிற்கிறார்கள். நம் திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டு முழுமையாகச் சொல்லப்படும்போது காது கொடுத்தால் பெர்பெத்துவாவின் பெயர் கேட்கும்.

அன்பியம் என்ற பங்குச் சிறுகுழுவிலோ குடும்பத்திலோ மார்ச் 7 அன்று வாசிக்க நினைத்தால், மூன்று குரல்களுக்கு மூன்று பேரை அமர்த்துங்கள், பெர்பெத்துவாவின் பகுதியை ஒரு பெண் வாசிக்கட்டும். தேர்ந்தெடுக்கும் பிரதியில் அதிகார எண்கள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். அதில் கணவனும் வந்து பேசினால் அது பின்னால் எழுதப்பட்ட சுருக்க வடிவம், அதை வைத்துவிட்டு நீளமானதைத் தேடுங்கள்.